கரண்ட் இல்லாத நாளில் கேட்ட பாட்டு

எங்கள் ஊரில் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் கரண்ட் போக வேண்டும். பள்ளிபாளையத்தில் அப்போது தெருவுக்குத் தெரு தறிப்பட்டறை. எங்கள் வீட்டை ஒட்டியே அப்பாவும் சித்தப்பாவும் ஆறு தறி ஓட்டினார்கள். தறி ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. சோறுண்ணக் கூப்பிட அம்மா பட்டறை வாசலில் நின்று கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டுவார். வாரத்தில் ஒரு நாள் கரண்ட் கட். அன்றைக்குத்தான் எங்கள் தெருவில் காக்கா கத்துவதே காதில் விழும்.

அந்த ஒரு நாளுக்காகச் சித்தப்பா வாரம் பூராவும் காத்திருப்பார். அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் பம்பாய் லைனில் லாரி ஓட்டுகிறவர், அவரை மாமா என்பேன். இன்னொருவர் பேப்பர் மில்லில் வேலை பார்க்கிறவர், வயதில் இளையவர் என்பதால் அண்ணன். நின்று கிடக்கும் தறிகளுக்கு நடுவே ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் டேப் ரிக்கார்டரை வைத்து, மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து இங்கிலீஷ் பாட்டுக் கேட்பார்கள். மூன்று பேரில் ஒருவருக்கும் இங்கிலீஷ் தெரியாது.

ஆளுக்கு ஒரு பாட்டு கொண்டுவர வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட சட்டம். பாட்டு முடியும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. மாமா பம்பாயிலிருந்து கேசட் வாங்கி வருவார். அண்ணனுக்கு மில் ஆபீசர் வீட்டுப் பையன் பதிந்து கொடுப்பான். இது ராக், இது புளூஸ், இது சோல் என்று அவன் சொன்ன பாட்டு வகைகளை அண்ணன் அப்படியே வந்து ஒப்பிப்பார். பாட்டு முடிந்ததும் சண்டை தொடங்கும்.

"பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் பொறந்த ஊட்டுக்குப் போயிட்டா. அதான் இப்படிக் கதறுறான்" என்பார் மாமா.

"உனக்கு எதக் கேட்டாலும் பொண்டாட்டி போன மாதிரியேதான் இருக்கும். இவன் வேலை போயி ஊருக்குத் திரும்பறான் மாப்ள. நடந்து வாரான். கேட்டா தெரியல?" என்பார் அண்ணன்.

சித்தப்பா கடைசியாகத்தான் பேசுவார். "ரெண்டு பேரும் பாடறவனையே கேக்கறீங்க. அடியில ஒருத்தன் தடிக்கம்பிய மீட்டிக்கிட்டே போறான் பாரு, அவனக் கேளுங்கடா. அவன் நின்னா பாட்டே நின்னுரும்." சொல்லும்போது அவருடைய உள்ளங்கை அந்த மரப்பெட்டியின்மேல் விரிந்திருக்கும். "காதுன்னா இவங்காது" என்பார் மாமா. எனக்கு உடம்பெல்லாம் பெருமையாக இருக்கும்.

அந்த வருஷம்தான் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திப் பட்டறையில் நூல் சுற்ற உட்கார வைத்திருந்தார்கள். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். நூல் அறுந்தால் பயம், அறாவிட்டால் இப்போது அறுந்துவிடப்போகிறதே என்று பயம். பாட்டு நாளில் எனக்கிருந்த வேலை பேட்டரி. இறங்கிப் போன பேட்டரிகளை ஓட்டின்மேல் வெயிலில் காயவைத்தால் இன்னும் கொஞ்சம் உயிர் வரும். காலையிலேயே வைத்துவிட்டு, மேகம் வருகிறதா, காக்கா தூக்கிக்கொண்டு போகிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பேன்.

சித்தப்பாவுக்கு எடப்பாடியில் பெண் பேசிக்கொண்டிருந்த நேரம். அதற்கு முன்னால் வந்த ஓர் இடம், வெளியில் சொல்லாத ஏதோ காரணத்தால் தட்டிப்போயிருந்தது. "பொண்ணூட்டுக்காரங்க தெருவுல விசாரிக்கறாங்க. நம்மூட்டுப் பேச்சு வெளிய போவக் கூடாது" என்று அப்பா அடிக்கடி சொன்னார். எந்தப் பேச்சு என்று யாரும் சொல்லவில்லை. தெரியாததால் எல்லாப் பேச்சுக்கும் பயந்தேன்.

அப்படி ஒரு பாட்டு நாளில் அண்ணன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கையில் ஒரு கேசட்.

"இத்தன நாளு கேட்டதெல்லாம் பாட்டே இல்ல. இது ஒரு பொம்பள. சோல். நேத்து ராத்திரி பூரா எனக்குத் தூக்கமில்ல" என்றார்.

பொத்தானை அழுத்தினார். தபேலா இல்லை, கிடார் இல்லை, ஒன்றுமே இல்லை. ஒரு பெண்ணின் குரல் மட்டும் தனியாக எழுந்தது. உச்சியில், நூல் மாதிரி மெலிசாக, அறுந்துவிடுமோ என்று நான் மூச்சைப் பிடித்துக்கொள்ளும்படி. மாமா கண்ணை மூடிக்கொண்டார். அண்ணன் சித்தப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்தப்பா கையைப் பெட்டிமேல் வைத்தபடி காத்திருந்தார். பிறகு நிமிர்ந்து, "ஏப்பா, எத்தன நேரம்? போடேன்" என்றார்.

குரல் பாடிக்கொண்டே இருந்தது.

மாமா கண்ணைத் திறந்தார். அவரும் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. "ஓடிக்கிட்டுத்தானுங்க…" என்று ஆரம்பித்தேன். அதற்குள் அண்ணன் டேப்பை நிறுத்திவிட்டார்.

"பேட்டரி எறங்கிப்போச்சு மாப்ள" என்றார்.

"அதான பாத்தேன்" என்று சித்தப்பா சிரித்தார்.

"இல்லீங்க, நான் காலைலயே காய வெச்சேனுங்க! பாடிட்டுத்தான்…"

"போ சாமி, போயித் தண்ணி கொண்டா" என்றார் மாமா. அவர் என்னிடம் அப்படிக் குரல் உயர்த்தியதே இல்லை. சமையல்கட்டில் சொம்பை வைத்துக்கொண்டு அழுதேன். நான் திரும்பி வந்தபோது அந்தக் கேசட் டேப்பில் இல்லை. மாமாவின் கேசட் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பெட்டி அதிர அதிர அடிச்சத்தம். சித்தப்பா தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். இறங்கிப்போன பேட்டரியில் இது மட்டும் எப்படி ஓடுகிறது என்று அவரும் கேட்கவில்லை. அவர் ஏன் கேட்கவில்லை என்பது இன்றைக்கு வரை என் மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கல்யாணம் நடந்தது. எடப்பாடியிலும் அவர்களுக்குத் தறிதான். சித்தியின் அப்பாவிடம் எதையும் இரண்டு முறை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அத்தனை பயமும் வீண்.

பட்டறையிலேயே இருபது வருஷத்துக்கு மேல் இருந்த என் காதைச் சோதித்த டாக்டர் ஒருவர் பின்னாளில் சொன்னார்: தறிச் சத்தம் முதலில் மெல்லிசான ஒலிகளைத்தான் தின்னுமாம். குருவிச் சத்தம், பெண் குரல், கொலுசு எல்லாம் போய், தடித்த சத்தம் மட்டும் கடைசிவரை நிற்குமாம். அவர் சொல்லிக்கொண்டே போனார். எனக்குச் சித்தப்பாவின் உள்ளங்கைதான் கண்ணுக்குள் நின்றது.

ஆனால் அந்த வயதில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பேப்பர் மில் அண்ணன் பொய் சொல்லி என் பேட்டரிமேல் பழி போட்டுவிட்டார். அதற்குப் பிறகு அவர் கொண்டுவந்ததெல்லாம் பெட்டி அதிரும் பாட்டுகள். சித்தப்பாவின் முகம் மலர்வதை அவர் பாட்டு முடியும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குப் பொறுக்கவில்லை. மழைக்காலத்தில் ஒருநாள், அவர் செருப்பு மாட்டும்போது வாசலில் மறித்துக் கேட்டேன்.

"ஏனுங்கண்ணா, அந்தக்கா பாட்டு எங்கீங்க? அதுக்கப்புறம் கொண்டாரவே இல்லீங்களே."

அவர் பட்டறைப் பக்கம் ஒரு முறை பார்த்தார். உள்ளே சித்தப்பா டேப்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நாடா சிக்கி அறுந்துபோச்சு சாமி" என்றார் மெதுவாக. "இனி அதக் கேக்க முடியாது."

சொல்லும்போது அவர் முகம் ஒரு மாதிரி இருந்தது. நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டு, நான் உள்ளே போய் நூல் சுற்ற உட்கார்ந்தேன்.