பொன்னழகோட சின்ன வீடு

பொன்னழகு புதுவயல்ல சின்ன வீடு வச்சிருக்காருன்ற சேதி காரைக்குடி முழுக்கச் சுத்தி, சிங்கம்புணரிக்குப் போயி, அங்க இருந்து திரும்பி அவரு சம்சாரம் காளீஸ்வரி காதுல வந்து விழுந்துச்சு. அந்நேரம் பொன்னழகு அவரு பாட்டுக்கு ரெண்டாவது தடவையா ரசம் ஊத்திச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. ஊர்ல அந்தச் சேதி தெரியாத ஒரே ஆளு அவருதான்.

ஆளு எப்படின்னா, வயசு நாப்பத்தஞ்சைத் தாண்டிருச்சு, தொந்தி சட்டைப் பித்தானோட தினமும் மல்லுக்கட்டும், கம்ப்யூட்டர்னா உசுரு. காரைக்குடியில பாதி ஆபீசுல எது மக்கர் பண்ணாலும் அவருக்குத்தான் போன் போகும். அப்பேர்ப்பட்டவருக்கு இந்தப் பேரு வந்ததுக்குக் காரணம் பொம்பளை இல்ல, பொட்டி.

புதுவயல்ல சில ரைஸ் மில்லுக்காரக சேந்து ஒரே எடை ஆபீசு நடத்துறாக. நெல்லு லாரி எடை மேடையில ஏறுனா, யாரு வண்டி, எந்த மில்லுக்கு, எம்புட்டு எடைன்னு எல்லாம் கம்ப்யூட்டர்ல பதிஞ்சுரும். போன அறுவடையில, விவரமெல்லாம் இருந்த ஒத்தைப் பொட்டி படுத்துருச்சு. லாரி வரிசை மெயின் ரோடு வரைக்கும் போயி நின்னுச்சு. ஆபீசுத் தலைவர் சேவுகப்பெருமாள் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, இனிமே ஒரு லாரி நிக்கக் கூடாது, என்ன செய்வீகளோ செய்யுங்கன்னு பொன்னழகு தலையில கட்டிட்டாரு.

கணக்குப் பாக்குற சர்வர் பொட்டி ரெண்டா வாங்கி வச்சா போதும்னு மத்தவுக சொன்னாக. பொன்னழகு ஒத்துக்கிரல. சமைக்க ரெண்டு ஆளு இருந்து என்ன செய்ய, அரிசி ஒரே பானையிலதான இருக்கு? பானை உடைஞ்சா ரெண்டு பேரும் கரண்டியோட நிக்க வேண்டியதுதான்னாரு. அதனால விவரம் சேத்து வைக்கிற பொட்டியும் ரெண்டாச்சு. பெருசு எடை ஆபீசுல. சின்னது ரோட்டுக்கு அங்குட்டு, ஒரு மில்லோட பின்பக்க ரூம்புல. ஒண்ணுல எழுதுறது அதே நேரத்துல இன்னொண்ணுலயும் எழுதணும். ரெண்டும் எழுதிட்டேன்னு சொன்னாத்தான் எடைச் சீட்டு வெளிய வரும். கரண்டு தனித்தனி, பேட்டரி தனித்தனி, ஏசி தனித்தனி.

ஆனா இதுல ஒரு வில்லங்கம் இருக்கு. ரோட்டைத் தோண்டுறவன் நடுவுல ஒயரை அறுத்துப்புட்டான்னு வச்சுக்கங்க. ரெண்டு பொட்டியும் உசுரோடதான் இருக்கும். ஆனா அது செத்துருச்சுன்னு இதுவும், இது செத்துருச்சுன்னு அதுவும் நினைச்சுக்கிட்டு ஆளுக்கொரு கதை எழுத ஆரம்பிச்சுரும், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிக மாதிரி. அதுக்குத்தான் மானகிரியில தெரிஞ்சவர் கடையில மூணாவதா ஒரு குட்டிப் பொட்டி வச்சாரு. அதுக்குள்ள சரக்கே கிடையாது. ஒண்ணு படுத்துட்டா, யாரு உசுரோட இருக்கா, யாரு ஒத்தையாவே எழுதலாம்னு ஒரு வார்த்தை சொல்றதோட அது சோலி முடிஞ்சுது. பங்காளிச் சண்டையில பங்கு கேக்காம வந்து தீத்து வைக்கிறது யாரு? மச்சான்தானே.

வினை அங்கதான் ஆரம்பிச்சுது. ஆபீசுல உள்ளவுகளுக்கு லேசுல புரியணுமேன்னு, பெரிய பொட்டியில 'பெரிய வீடு', சின்னதுல 'சின்ன வீடு', மானகிரிப் பொட்டியில 'மச்சான்'னு ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டிட்டாரு. காரைக்குடிக்காரருக்குப் பெரிய வீடுன்னா தூணும் முற்றமுமா தெருவை அடைச்சு நிக்கிற வீடுதான் ஞாபகம். பக்கத்துல சின்னதா ஒண்ணு இருந்தா அது சின்ன வீடு. மனுசன் அதுக்கு மேல யோசிக்கல.

சேவுகப்பெருமாளுக்கு நம்பிக்கை வரல. லாரி ஓடிக்கிட்டு இருக்கும்போதே பெரிய பொட்டியோட ஒயரைப் பிடுங்கிக் காட்டுங்கன்னு நச்சரிச்சாரு. பொன்னழகு இன்னைக்கு அஷ்டமி, நாளைக்குச் செவ்வாய்க்கிழமைன்னு தள்ளிக்கிட்டே வந்தாரு. செஞ்சவருக்கே தைரியம் வரல. அப்படித்தான் ஒருநாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் அழகுசுந்தரம் டீக்கடையில நின்னுக்கிட்டு, போனே இல்லாட்டியும் புதுவயலுக்குக் கேக்குற மாதிரி அவருக்குப் போன்ல சமாதானம் சொன்னாரு.

"பெரிய வீடு படுத்துருச்சுன்னா கவலையேபடாதீக. மச்சான் சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், சின்ன வீடு எல்லாத்தையும் எடுத்துக்கிரும். அங்க உள்ளது அம்புட்டையும் இங்கயும் வச்சிருக்கேன்ல."

அழகுசுந்தரம் ஆத்துன டீ கிளாசுக்கு வெளிய ஊத்துச்சு. அவரு டீக்கு மட்டுமா சீனி போடுறவரு? ஆனா ஒண்ணு, இந்தத் தடவை அவரு ஒரு பொய்யும் சேக்கல. சின்ன வீட்டுக்குத் தனி மீட்டராம், தனி பேட்டரியாம், ராப்பகலா ஏசி ஓடுதாம். அத்தனையும் நெசம்.

சிங்கம்புணரியில சிமெண்டுக் கடை வச்சிருக்கிற குருநாதன், காளீஸ்வரியோட அண்ணன், விடிஞ்சும் விடியாம பைக்கை எடுத்துக்கிட்டு வந்துட்டாரு. அவருக்குச் சின்ன வீடு கூட ரெண்டாம்பட்சம். மச்சான் சம்மதிச்சுட்டாராம்னு ஊரு பேசுறதுதான் பொறுக்கல.

காளீஸ்வரி சத்தம் போடல. ரெண்டு கோடையா படுக்கிற ரூம்புக்கு ஏசி கேட்டு, கிறீச்சுன்னு சுத்துற ஃபேனுக்குக் கீழ வேர்த்துக்கிட்டுக் கிடந்தவ அவ. ஒரு பையில நாலு சேலையை எடுத்து வச்சா. நேர்ல ஒரு பார்வை பாத்துட்டு, அப்படியே அண்ணன் வண்டியில பிறந்த ஊருக்குப் போயிரணும், திரும்புறதா இல்லன்னு முடிவு.

"உங்க சின்ன வீட்டை நான் பாக்கணும்"னா.

பொன்னழகுக்குக் கண்ணு கலங்கிருச்சு. கல்யாணம் ஆகி இத்தனை வருசத்துல அவரு வேலையைப் பத்தி அவ ஒரு வார்த்தை கேட்டதில்ல.

"இப்பவே வா. குளுகுளுன்னு இருக்கும், நீ வெளியவே வரமாட்ட"ன்னாரு.

குருநாதன் கையில இருந்த ஹெல்மெட்டை இறுக்கிப் பிடிச்சாரு. என்ன மச்சான், நீங்களும் வாரீகளான்னு அவரு தோள்ல வேற ஒரு தட்டு.

புதுவயல்ல மில்லு வாசல்ல லாரி வரிசையா நிக்குது. பின்பக்க ரூம்பைத் திறந்தவுடனே ஏசிக் காத்து காளீஸ்வரி மூஞ்சியில அடிச்சுது. அதுலயே பாதிக் கோவம் ஏறிருச்சு. உள்ள கட்டில் இல்ல, கண்ணாடி இல்ல. கறுப்பா ஒரு பொட்டி, பச்சை லைட்டைச் சிமிட்டிக்கிட்டு நிக்குது. நெத்தியில ஸ்டிக்கர். குருநாதன் இரும்புப் பீரோவுக்குப் பின்னாடி ஒரு தடவை எட்டிப் பாத்தாரு, எதுக்கும் இருக்கட்டும்னு.

"எங்க அவ?"ன்னா காளீஸ்வரி.

"எவ? இதான் சின்ன வீடு."

அப்பத்தான் அவருக்கு உறைச்சுது. மூஞ்சி அப்படியே வெளிறிப்போயி, காளீஸ்வரியைப் பாக்குறாரு, ஸ்டிக்கரைப் பாக்குறாரு, அவ கையில இருக்கிற பையைப் பாக்குறாரு. அவளோ ஏசியையே பாத்துக்கிட்டு நின்னா.

"இந்தப் பொட்டிக்கு ஏசி. எனக்கு ஓட்டை ஃபேனு"ன்னு சொல்லிக்கிட்டே, பின்னாடி போன ரெண்டு ஒயரையும் சேத்துப் பிடிச்சு ஒரே இழுப்பா இழுத்துப்புட்டா. பச்சை லைட்டு அத்தனையும் அணைஞ்சு போச்சு.

பொன்னழகு செருப்பை விட்டுட்டு ரோட்டுக்குக் குறுக்க ஓடுனாரு. எடை ஆபீசுல சேவுகப்பெருமாள் காலாட்டிக்கிட்டு வடை தின்னுக்கிட்டு இருந்தாரு. மேடையில லாரி ஏறி நிக்குது. மிசினு கொஞ்சம் மூச்சுப் பிடிச்ச மாதிரி நின்னுட்டு, சரக்குன்னு சீட்டைத் துப்புச்சு. லாரி இறங்குச்சு, அடுத்தது ஏறுச்சு.

"ஏன்யா வெறுங்காலோட ஓடி வாரீக?"ன்னு சேவுகப்பெருமாள் கேட்டாரு.

"சின்ன வீடு போச்சு."

"எனக்கு ஒண்ணும் தெரியலயே"ன்னாரு அவரு. சொல்லும்போதே விசயம் விளங்கி, வடையைக் கீழ வச்சுட்டு, அப்ப அப்படியே பெரிய வீட்டையும் பிடுங்கிப் பாத்துருவோம்னு எந்திரிச்சாரு. பின்னாலயே வந்த காளீஸ்வரி வாசல்ல மறிச்சுக்கிட்டு நின்னா. சின்ன வீட்டை எத்தனை தடவை வேணாலும் பிடுங்குங்க, பெரிய வீட்டுல யாரும் கை வைக்கக் கூடாதுன்னுட்டா.

பிடுங்கித்தான் ஆகணும்னு பொன்னழகு கெஞ்சினாரு. ஆனா மொதல்ல ஒயரைத் திரும்ப மாட்டணும். தூங்குனப்ப விட்டுப்போனதை எல்லாம் சின்ன வீடு எழுதி முடிக்கணும். அதுவரைக்கும் பெரிய வீட்டைத் தொடக் கூடாது.

"யாரைக் கேட்டு எழுதும்?"

"பெரிய வீட்டைக் கேட்டுத்தான்."

"அது சொன்னாத்தான் இதுக்குத் தெரியுமா?"

"ஆமா, தானா ஒண்ணும் தெரியாது."

காளீஸ்வரி பையைக் கீழ வச்சு, அது மேலயே உக்காந்து சிரிக்க ஆரம்பிச்சா. அவ சிரிச்சதைப் பாத்து குருநாதன் சிரிச்சாரு. எதுக்குன்னு தெரியாமலே சேவுகப்பெருமாளும் சிரிச்சாரு. பொன்னழகு மட்டும் வேர்வையைத் துடைச்சுக்கிட்டு இருந்தாரு, ஏசிக்குள்ள.

பொன்னழகு போயி ஒயரைத் திரும்ப மாட்டுனாரு. விட்டுப்போனதைச் சின்னப் பொட்டி எழுதி முடிக்கிறதுக்குள்ள காளீஸ்வரி பஞ்சாயத்தை முடிச்சுட்டா. ரெண்டுலயும் ஒரே சரக்குத்தான்னா ரெண்டும் பெரிய வீடுதான். கிழக்க உள்ளது கிழக்குப் பெரிய வீடு, மேக்க உள்ளது மேக்குப் பெரிய வீடு. சின்ன வீடுன்ற பேச்சே இருக்கக் கூடாது. 'மச்சான்' ஸ்டிக்கரை மட்டும் கிழிக்க வேணாம்னு குருநாதன் தடுத்துட்டாரு. புதுவயல் நெல்லு அத்தனையும் தன் வாய் வார்த்தையிலதான் நிக்குதுன்னு தெரிஞ்சதும் அவருக்கு நெஞ்சு நிமிந்துருச்சு.

அப்புறம் எடை ஆபீசுப் பொட்டியோட ஒயரை அவளே பிடுங்குனா. மேடையில லாரி. திரை அசையாம நின்னுச்சு. பொன்னழகு கண்ணை மூடிக்கிட்டாரு. மானகிரியில மச்சான் என்ன சொன்னாரோ, சரக்குன்னு சீட்டு வந்துச்சு. சேவுகப்பெருமாள் அந்தச் சீட்டை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு.

பை திரும்பக் காரைக்குடிக்கே வந்துச்சு. அந்த வாரமே ரூம்புல ஏசியும் மாட்டியாச்சு. உரிச்சு எடுத்த 'சின்ன வீடு' ஸ்டிக்கரைக் காளீஸ்வரி தூரப் போடல. எந்நேரமும் அவரு கையை விட்டு இறங்காத போனோட முதுகுல, அவரு தூங்கும்போது ஒட்டி விட்டுட்டா.

மறுநாள் டீக்கடையில பொன்னழகு அந்தப் போனைக் காதுல வச்சுக்கிட்டு, ரெண்டு பெரிய வீடும் சவுக்கியமா இருக்குன்னு சத்தமாச் சொல்லிக்கிட்டு இருந்தாரு. அழகுசுந்தரம் போனோட முதுகைப் படிச்சாரு, காதுல விழுந்ததைக் கூட்டிப் பாத்தாரு. மொத்தம் மூணு.

அன்னைக்குக் கடையில யாரு டீக்கும் சீனி விழல.