அண்ணன் விரலில் ஒட்டாத ஆயில்

என் அண்ணனை நினைத்தால் முகம் வருவதற்கு முன்னால் அவருடைய ஆள்காட்டி விரல்தான் வருகிறது. ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஆயில் திருகைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் விரலை விட்டு எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பார். நுனியில் எண்ணெய் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் அந்தப் பார்வை இருக்கிறதே, நாடி பிடிக்கும் வைத்தியர் தோற்றுப்போவார். பிறகு விரலைப் பனியனில் துடைத்துக்கொள்வார். அந்த விரலை நம்பியதால்தான் என் வீட்டுக்காரர் பெயர் மலை முழுக்கக் கெட்டது. அண்ணன் காலமாகி ஓராண்டாகிறது. போய்ச் சேர்ந்தவர் மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். எனக்குக் கோபம் அப்படியேதான் இருக்கிறது.

பிழைப்புக்காக மலையேறிப் போய்க் கரியாலூரிலேயே வீடு கட்டிக்கொண்டவர் அவர். ஸ்டாண்டில் ஜீப் ஓட்டினார். அருவி பார்க்க வருகிறவர்கள், மரவள்ளி மூட்டையோடு சந்தைக்கு இறங்குகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எல்லாம் அவர் வண்டியில்தான். நான்கு சக்கரமும் இழுக்கும் அந்த ஜீப்புக்கு எங்கள் இருவரையும்விட வயது அதிகம். ஏதோ ஓர் எஸ்டேட்டில் ஓடி ஓய்ந்ததை வாங்கி வந்தார். ஸ்டாண்டில் வேறு எந்த ஜீப்பிலும் இல்லாத ஒன்று அதில் இருந்தது. ஓவர்டிரைவ். கியர்பெட்டியின் பின்பக்கத்தில் உரித்த தேங்காய் அளவுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டிப் பெட்டி அது. மலையிறங்கி சமதரைக்கு வந்ததும் அதன் கம்பியை இழுத்தால் இன்ஜின் இரைச்சல் அடங்கும், டீசல் மிச்சமாகும். அதை இழுக்கும்போது பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்த்து அண்ணன் ஒரு சிரிப்பு சிரிப்பார். அடேயப்பா, விமானம் ஓட்டுகிற நினைப்பு!

அந்தப் பெட்டிக்குக் கொஞ்சம் கியர் ஆயில் போதும். கம்மியானால் உள்ளே பல்சக்கரம் காய்ந்து தேயும். ஜாஸ்தியானால் சூட்டில் பொங்கி, கசிவைத் தடுக்கும் ரப்பர் சீலையும் தாண்டி, பக்கத்திலிருக்கும் ஹேண்ட்பிரேக் டிரம்முக்குள் ஒழுகும். இந்தப் பழைய வண்டிகளில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் கிடையாது, கியர்பெட்டிக்குப் பின்னாலேயே இருக்கும். அதற்குள் எண்ணெய் போய்விட்டால் பிரேக் வழுக்கும், எவ்வளவு இழுத்தாலும் பிடிக்காது. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கள்ளக்குறிச்சியில் எங்கள் மெக்கானிக் ஷெட்டின் கல்லாவில் உட்கார்ந்து ஆயில் அளந்து ஊற்றியவள் நான்.

அண்ணனின் ஜீப்பில் ஹேண்ட்பிரேக் பிடிக்கவில்லை என்று வந்தது. என் வீட்டுக்காரர் பிரித்துப் பார்த்தார். டிரம் முழுக்க எண்ணெய். புது சீல் போட்டு, டிரம்மைக் கழுவி, பிரேக் கட்டை மாற்றி, ஆயிலை அளவாக ஊற்றி அனுப்பினார். கொஞ்ச நாளில் அதே கோளாறோடு வண்டி திரும்பி வந்தது. மறுபடி சீல், மறுபடி கட்டை. அது மலையிலிருந்து எங்களிடம் வந்து சேர்வதற்குள் மிச்ச எண்ணெயெல்லாம் வழியிலேயே ஒழுகித் தீர்ந்து, திறந்து பார்த்தால் அளவு சரியாக நிற்கும். அதனால் அவருக்கும் பிடிபடவில்லை. "மச்சான், நடுவுல நீங்க ஆயில் எதுனா ஊத்துறீங்களா?" என்று ஒருமுறை கேட்டார். அண்ணனுக்கு வந்ததே கோபம்! "கம்மியா இருந்தா ஊத்துவேன். ஆயில் பாக்க எனக்கே சொல்லிக் குடுக்குறியா மாப்ள?" என்றார். பெண் கொடுத்த வீட்டு மச்சானிடம் மேற்கொண்டு என்ன பேசுவது?

பிறகுதான் அது நடந்தது. ஸ்டாண்டில் ஜீப்பை நிறுத்தி ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு அண்ணன் டீ குடிக்கப் போனார். வண்டி தானாக உருண்டு டீக்கடை பெஞ்சில் மோதியது. எல்லோரும் எழுந்து ஓடினார்கள். ஓட முடியாமல் மாட்டிக்கொண்ட ஒரு ஜீப் கிளீனருக்கு முழங்கை முறிந்தது. வளர்ந்து வருகிற பையன், கை கோணலாகவே கூடிவிட்டது. கூட்டம் கூடி அண்ணனைச் சூழ்ந்துகொண்டபோது அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "நான் இன்னா பண்ணுவேன்? மாப்ள வேல செஞ்ச வண்டி."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு மலையிலிருந்து ஒரு ஜீப்கூட எங்கள் ஷெட்டுக்கு வரவில்லை. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் என் வீட்டுக்காரர்தான் என்று இருந்த மனிதர், மூங்கில்துறைப்பட்டுக் கரும்பு டிராக்டருக்கு பிரேக் சரிசெய்கிற வேலையைத் தேடிப் போனார். அந்தப் பையனின் கையைத் தான்தான் உடைத்தோம் என்று அவரே நம்பிவிட்டார். அதுதான் என்னால் தாங்க முடியாதது. ஒரு சீலைப் போட்டுவிட்டு அது சரியாக உட்கார்ந்ததா என்று மறுபடி கழற்றிப் பார்ப்பார், மறுபடி போடுவார். தன் கையையே நம்பாத மெக்கானிக்கைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன், தினமும் பார்த்தேன்.

ஓர் ஆடி அமாவாசைக்குக் கரியாலூருக்குப் போயிருந்தேன். அமாவாசை தவறாமல் வண்டியைக் கழுவி, எலுமிச்சம்பழம் கட்டி, ஆயில் பார்ப்பது அண்ணன் வழக்கம். அவர் வீட்டு வாசலே சரிவு. ஜீப்பை எப்போதும் மூக்கு கீழே பார்க்க நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து வைப்பார். பேட்டரி செத்துப் பல காலம். கல்லை எடுத்து உருட்டிவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். மாற்றச் சொன்னால், "மலை இருக்கச் சொல்ல பேட்டரி எதுக்கு?" என்பார். அன்றைக்கும் வண்டி அப்படித்தான் நின்றது. அடியில் படுத்து ஓவர்டிரைவின் பின்பக்கத் திருகைக் கழற்றி விரலை விட்டார். வெளியே எடுத்த விரல் காய்ந்திருந்தது. "பாரு, எப்படிக் குடிச்சிகினு கீது!" என்று பாட்டிலைச் சாய்த்தார்.

எனக்குத் தலையில் யாரோ அடித்த மாதிரி இருந்தது. மூக்கு தாழ்ந்து நிற்கிற வண்டியில் எண்ணெயெல்லாம் முன்பக்கம் போய் நிற்கும், பின்பக்க ஓட்டையில் விரலுக்கு எப்படி எட்டும்? நிறைந்திருக்கிற பெட்டியில்தான் ஒவ்வொரு அமாவாசைக்கும் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார்! தெருவே கேட்கக் கத்தினேன். "யண்ணா, வண்டிய மட்டமா வுட்டுப் பாருண்ணா! ஆயில் முன்னாடி எறங்கிகினு கீது. எங்க வூட்டுக்காரரு மேல பழிய போட்டியே, நீ நல்லா இருப்பியா?" அண்ணன் பாட்டிலை நிமிர்த்தினார். கல்லை எடுத்து, வண்டியை உருட்டி, கீழே பள்ளிக்கூடத்துத் திடலில் மட்டமாக நிறுத்தித் திருகைத் திறந்தார். எண்ணெய் கொடகொடவென்று கொட்டியது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரலைப் பனியனில் துடைத்துக்கொண்டு, "சரி வுடு. சாப்பிடப் போலாம் வா" என்றார்.

அதற்குப் பிறகு அந்த ஜீப்பில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. அண்ணன் திருந்திவிட்டார், கமுக்கமாக. ஸ்டாண்டில் கேட்டவர்களிடம் என்ன சொன்னார் தெரியுமா? "மாப்ளைக்குத் தெரியல. நானே சரி பண்ணிட்டேன்." இது என் காதுக்கு வந்த நாளோடு அவரிடம் பேசுவதையே விட்டேன். என் வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னால், "வண்டி சரியாப் பூட்சி இல்ல, அது போதும். அண்ணன் தங்கச்சிக்குள்ள சண்ட வாணாம்" என்றார். சாவு வீட்டிலும் அதே கதைதான். மாப்பிள்ளை கெடுத்த வண்டியைத் தானே சரிசெய்த கெட்டிக்காரர் என்று ஸ்டாண்டுக்காரர்கள் அண்ணனைப் புகழ்ந்தார்கள். இவர் மாலையோடு நின்று, "ஆமாங்க" என்று தலையாட்டினார். அழுதுகொண்டிருந்த எனக்கு அந்த இடத்திலேயே கண்ணீர் நின்றுபோனது.

போன மாதம் அண்ணி ஜீப்பை விற்பதற்காக எங்கள் ஷெட்டில் கொண்டுவந்து விடச் சொன்னார். வாங்க வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அந்தக் கோணல் கைக்காரர். இப்போது மீசை வைத்த ஆள். வண்டியைச் சுற்றிப் பார்த்தார், என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "ஹேண்ட்பிரேக்ல நீங்க கை வைக்கலியே?" என்று கேட்டார். இவர் தலையைக் குனிந்துகொண்டு, "இல்லப்பா" என்றார்.

நான் கல்லாவை விட்டு எழுந்தேன். "வாணாம். செத்தவர இழுக்காத" என்றார் இவர். "நீங்க சும்மா இருங்க" என்றேன். ரோட்டிலிருந்து எங்கள் ஷெட்டுக்கு இறங்கும் சரிவில் ஜீப்பை மூக்கு கீழே பார்க்க நிறுத்தச் சொன்னேன். கல் கொடுத்தோம். "திருகக் கழட்டி வெரல வுடுப்பா. இன்னா தெரியிது?" அவர் விரலை எடுத்துப் பார்த்தார். "ஆயிலே இல்லியேக்கா!" பிறகு வண்டியை ஷெட்டுக்குள் மட்டத் தரையில் கொண்டுவரச் சொன்னேன். "இப்ப பாரு." திருகைத் திறந்ததும் எண்ணெய் ஓட்டையின் விளிம்பில் வந்து நின்றது. அண்ணன் வாசலில் வண்டி எப்படி நிற்கும் என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தினமும் அந்த வாசலைத் தாண்டி ஸ்டாண்டுக்குப் போனவர்தானே. தன் முழங்கையை ஒரு தடவை தடவிக்கொண்டார்.

"அண்ணா, இத்தினி வருசமா உங்களத்தான் திட்டிகினு இருந்தேன்" என்றார். இவர் குழாயடிக்குப் போய்க் கை கழுவ ஆரம்பித்தார். அழுக்கே இல்லாத கையை எவ்வளவு நேரம் கழுவுவது? முதுகு குலுங்குவதைப் பார்த்து நாங்கள் இருவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

திருகைப் பூட்டுவதற்கு முன்னால் நானே குனிந்து விரலை விட்டுப் பார்த்தேன். துளி கூடுதல் இல்லை, துளி குறைவு இல்லை. கடைசி அமாவாசை வரைக்கும் திடலுக்குக் கொண்டுபோய் மட்டமாக நிறுத்தித்தான் பார்த்திருக்கிறார், பாவி. அத்தனை முறை மலைச்சரிவில் வண்டியை உருட்டிக்கொண்டு போனவருக்கு, ஸ்டாண்டில் ஒரே ஒரு முறை 'மாப்ள மேல தப்பில்ல' என்று சொல்ல வாய் வரவில்லை. ஜீப் கிளம்பிப் போன பிறகும் விரலைத் துடைக்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.