மதிப்பிட வந்தவர்கள்

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் டாக்டரம்மாவின் ஆராய்ச்சிக்கு வீடு வீடாய்ப் போய் ஆள் சேர்த்தது நான்தான். சங்கு குளிக்கிறவர்களுக்கு மூட்டுவலி ஏன் வருகிறது என்று பார்க்க அவருக்கு ஒரு சிறிய நிதி கிடைத்திருந்தது. ஆழம் பார்க்கத்தான் அந்தப் பணம். வேலை உருப்படியானது என்று தெரிந்தால் பெரிய நிதி வரும். இல்லையென்றால் எங்கள் தெருவில் வாரந்தோறும் நடக்கும் சோதனையும் நின்றுவிடும். பிறகு சங்கு குளிக்கப் போகும் என் வீட்டுக்காரரின் தோளை யார் பார்ப்பார்கள்? அதை நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நிதி கொடுத்த இடத்திலிருந்து மதிப்பிட ஓர் அம்மாளும் ஒரு பெரியவரும் வந்தார்கள். ஞாயிறு கடலுக்குப் போகமாட்டோம் என்பதால், மாதா கோயிலில் பூசை முடிந்ததும் வலைக்கூடத்தில் எல்லோரும் கூடியிருந்தோம். படகுச் சொந்தக்காரரும் வந்து பின்னால் நின்றுகொண்டார்.

"இப்ப வலி எப்படி இருக்கு?" என்று அந்த அம்மாள் முதல் ஆளிடம் கேட்டார்.

"ஒண்ணுமில்லம்மா. டாக்டரம்மா புண்ணியத்துல சௌக்கியமா இருக்கோம்."

அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். டாக்டரம்மாவுக்கு நல்ல பெயர் வாங்கித் தருகிறார்களாம்! வலி என்று சொன்னால் மறுநாள் படகில் இடமிருக்காது என்கிற பயமும் உண்டு.

பெரியவர் டாக்டரம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "வலியே இல்லன்னா, இதுக்கு மேல எதை ஆராயப் போறீங்க?"

"நாங்க இன்னும் மருந்தே குடுக்கல சார்." டாக்டரம்மா கையிலிருந்த தாள்களைப் புரட்டினார்.

அடுத்து என் வீட்டுக்காரர். "நல்லாத்தான் இருக்கேன்" என்றார். காலையில் பூசைக்குச் சட்டை மாட்டிவிட்டது நான்! படகில் இடம் போனால் அடுப்பு எப்படி எரியும் என்று ஒரு பக்கம், இந்தத் தோளோடு எத்தனை நாள் முங்குவார் என்று மறுபக்கம். வாய் முந்திக்கொண்டது.

"எங்க, அந்த வலது கையத் தூக்குங்க பாப்போம்."

முறைத்தார். "ஏளா, சும்மா கெட."

"தூக்குங்க."

தூக்கினார். தோள்மட்டத்துக்கு மேல் கை போகவில்லை. முகமெல்லாம் வியர்த்துவிட்டது.

"ஏலே, இதை வச்சிக்கிட்டா முங்குத? நாளைக்கு நீ வரண்டாம்" என்றார் படகுக்காரர்.

அப்போது முதலில் பேசியவர் எழுந்தார். "அப்ப நானும் வரல அண்ணாச்சி. எனக்கு முழங்கால்."

"எனக்கு இடுப்பு" என்றார் அடுத்தவர்.

மூன்றாமவர் சிரித்தார். "நாளைக்கு நீங்கதான் முங்கணும் அண்ணாச்சி. மூச்சு டியூப்ப நாங்க மேல புடிக்கோம்."

கூடமே சிரித்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. அந்த அம்மாள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "முதல்ல இருந்து சொல்லுங்க" என்றார்.

பெரிய நிதி வருமா என்று அவர்கள் சொல்லவில்லை. முடிவாகும்வரை வாரச் சோதனை நடக்கட்டும் என்று மட்டும் சொல்லிப் போனார்கள்.

திங்கள் காலையில் வாசலில், வரவேண்டாம் என்ற அதே படகுக்காரர் குரல் கேட்டது; முங்க ஆள் வேண்டுமே. "ஏலே, வாரியா இல்லியா?"

இவர் இடது கையால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இன்ஜின் சத்தம் அடங்கும்வரை நான் கரையில் நின்றேன்.