சட்டை மேல் ஒரு சிவப்புப் புள்ளி

போன வருடம் விஜயதசமி அன்று காலை பத்து மணி இருபது நிமிடம். என் டைரியில் அப்படித்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடச் சொல்லி என் அக்காவின் கணவர் மூன்று முறை கேட்டுவிட்டார். கிழிக்கப் போவதில்லை.

மச்சானுக்குக் கொட்டாம்பட்டிப் பக்கம் தென்னந்தோப்பு. குடும்பம் இருப்பது பழங்காநத்தத்தில். தோப்பு வீட்டின் கதவை உடைத்து ஒருமுறை திருடர்கள் புகுந்தார்கள். அதன் பிறகு தற்காப்புக்கென்று உரிமம் வாங்கி ரிவால்வர் வைத்துக்கொண்டார். அதில் எனக்கு வருத்தமில்லை. தோப்பில் தனியாகத் தங்குகிறவரின் பயம் புரிகிறது. போன வருடம் ஆவணியில், குறி வைக்கும் இடத்தில் புள்ளியாக வெளிச்சம் காட்டும் லேசரை அதில் பொருத்தக் கிளம்பியபோது துப்பாக்கிக் கடைக்கு நானும் கூடப் போனேன்.

கடைக்காரர் நிதானமானவர். சிவப்பு ஒளி நம் ஊர் வெயிலில் சரியாகத் தெரியாது, பச்சை தெரியும், ஆனால் பேட்டரியைச் சீக்கிரம் தின்றுவிடும் என்றார். லேசர் குழலுக்குப் பக்கத்தில் உட்காருகிறது. ஆகவே எந்தத் தூரத்துக்கு ஒத்துப்பார்த்து வைக்கிறோமோ அங்கேதான் புள்ளியும் குண்டும் சேரும், மற்ற தூரத்தில் கொஞ்சம் விலகும் என்றும் சொன்னார். மச்சான் காதில் எதுவும் ஏறவில்லை.

"அண்ணே, புள்ளி நெஞ்சுல விழுந்தா எவனும் கையத் தூக்கிருவான்ல? அம்புட்டுத்தான் வேணும்."

"சுட்டுத்தான் ஆகணும்னு வந்துட்ட ஆள் மேல மட்டுந்தான் அந்தப் புள்ளி விழணும்ணே. வேற யார் மேலயும் விழக் கூடாது" என்றார் கடைக்காரர்.

பிடியை இறுக்கினால் எரியும் சிவப்பு லேசர் ஒன்றை மச்சான் வாங்கினார். அதாவது, வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றாலே சுடப் போகிறவன்போலத் துப்பாக்கியைப் பிடித்தாக வேண்டும். அன்றே இதைச் சொல்லியிருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூஜைக்கு நாங்கள் அக்கா வீட்டுக்குப் போவது வழக்கம். பலகையில் அரிவாள், மண்வெட்டி, தேங்காய் உரிக்கும் கம்பி, பிள்ளைகளின் புத்தகங்கள், என் டைரி எல்லாம் வரிசையாக இருந்தன. நடுவில் பட்டுத்துணி விரித்து ரிவால்வர். குழலில் சந்தனம், குங்குமம். லேசரின் கண்ணாடியிலும் ஒரு பொட்டு. பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியும்வரை யாரும் தொடக் கூடாது.

விஜயதசமி காலையில் தீபாராதனை முடிந்ததும் அவரவர் தம் கருவியை எடுத்து ஒருமுறை பயன்படுத்தினார்கள். நான் டைரியைத் திறந்து தேதி போட்டேன். என் மகள் நோட்டில் தன் பெயரை எழுதினாள். மச்சான் ரிவால்வரை எடுத்துச் சுவரைப் பார்த்துப் பிடியை இறுக்கினார். புள்ளி மங்கலாக விழுந்தது. லேசரின் சந்தனத்தைக் கட்டைவிரலால் வழித்துவிட்டு மறுபடி இறுக்கினார். பளிச்சென்று வந்தது. சுவர், காலண்டர், பீரோ என்று ஓட்டிக் காட்டினார். பிறகு அது என் மகளின் புதுச் சட்டையில், நெஞ்சுக்கு நடுவில் வந்து நின்றது.

பூச்சி பிடிப்பதுபோல அதைக் கையால் பொத்திப் பார்த்தாள். "மாமா, பிடிச்சிட்டேன்!" என்று சிரித்தாள்.

ஓடிப்போய் அவளை என் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டேன். "கீழ எறக்குங்க மச்சான்!"

"ஏன் மாப்ள இப்பிடிக் கத்துற? வெறும் லைட்டு. உள்ள ஒண்ணும் இல்ல, காலி."

அடுக்களை வாசலில் சுண்டல் கிண்ணத்தோடு நின்ற அக்கா சொன்னாள்: "காலியா? பூசைக்கு எதையும் வெறுமையா வைக்கக் கூடாது, நெறைவாத்தான் இருக்கணும்னு நேத்து நீங்கதானே குண்டு போட்டு வச்சீக?"

மச்சான் ரிவால்வரைத் திறந்தார். தாம்பாளத்தில் ஆறு தோட்டாக்கள் விழுந்தன. ஒவ்வொன்றின் சத்தமும் தனித்தனியாகக் கேட்டது.

அந்த நேரத்தைத்தான் மச்சான் பார்க்கவே டைரியில் குறித்தேன். அதற்கடுத்து எழுதியது: பிள்ளை நெஞ்சில் புள்ளி, துப்பாக்கியில் ஆறு.

அவர் நடுங்கியிருந்தால், பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான் இதை மறந்திருக்கவும் கூடும். மச்சான் சொன்னது வேறு: "அதான் ஒண்ணும் ஆகலைல மாப்ள. நல்ல நாளும் அதுவுமா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு." அக்காவும், "விடுடா தம்பி, சுண்டலச் சாப்பிடு" என்றாள். நல்ல நாளைக் கெடுத்தவன் நானாம்! லேசர் வாங்க மெனக்கெட்டுக் கடை வரை போனவர், உள்ளே குண்டு இருக்கிறதா என்று ஒரு நொடி திறந்து பார்க்கவில்லை. தன் கையாலேயே நிரப்பியதை மறுநாள் காலைக்குள் மறந்துபோனார். தோப்பு வீட்டுக்கு வந்த திருடன்கூட என் மகளைக் குறி பார்த்ததில்லை. அதற்கு வீட்டுக்குள்ளேயே ஆள் இருந்தார்.

சாப்பிடாமல் கிளம்பி வந்தோம்.

இந்த வருடம் பூஜைக்கு நான்கு நாள் முன்னால் மச்சான் போன் செய்தார்.

"மாப்ள, பிள்ளையக் கூட்டிக்கிட்டு வந்துரு. அந்தப் பக்கத்த மட்டும் கிழிச்சுப் போட்டுரு, சொந்தக்காரவுக எவனாச்சும் படிச்சா அசிங்கம்."

"ரிவால்வர் பலகைல இருக்குமா மச்சான்?"

"ஆயுதம் இல்லாம என்னய்யா ஆயுத பூசை? சத்தியமா காலியாத்தான் வைப்பேன்."

"போன தடவையும் காலின்னுதான் சொன்னீக."

அவர் போனை வைத்துவிட்டார். அத்தை வீட்டுக்கு எப்போது போகிறோம் என்று கேட்டுக்கொண்டு மகள் வந்தாள். இந்த வருடம் நம் வீட்டிலேயே பூஜை என்றேன். அவள் முகம் வாடியது. அதற்கும் மச்சான்மேல்தான் கோபம் வந்தது.