குங்குமப் பொட்டு வைத்த கவர்

1. கழற்றியது

காஞ்சிபுரத்தில் பட்டு நூல் முறுக்கும் மில் ஒன்றில் இருபத்தாறு வருடம் ஃபிட்டராக இருந்தேன். ரிட்டயர் ஆனவர்கள் சாதனையை எழுதுவார்கள். என்னிடம் இருப்பது ஒரு தப்புதான்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எல்லா மிஷினிலும் பெல்ட் கவரைக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைப்பேன். மிஷினுக்கு மாலை, சுவரோரம் சாத்திய கவர்களுக்குச் சந்தனம், குங்குமம். ஒரு வருடம், பூஜை முடிந்து மாட்டப் போனால், நான்காம் நம்பர் கவருக்கு மரை தேய்ந்து போல்ட் நிற்கவில்லை.

"முதலாளி, மிஷினை நிறுத்தினா மரை போட்டு மாட்டிடுவேன்" என்றேன்.

"தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரிச்சிக்கினு இருக்குது. அப்பால பாத்துக்கலாம்பா. பூஜை போட்ட மிஷினு, ஒண்ணும் பண்ணாது."

கவர் சுவரோரமே கிடக்க, மிஷின் ஓடியது. அவர் சொன்னதை நானும் நம்பினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நம்பினேன்.

2. மாட்டியது

நான்காம் நம்பரில் நின்றவள் கஸ்தூரி. திருப்புட்குழியிலிருந்து பஸ்ஸில் வருவாள். ஓடுகிற மிஷினிலேயே அறுந்த இழையை முடிச்சுப் போடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. எட்டாம் நாள் இழை ஒன்று அறுந்து பெல்ட் பக்கம் போனது. பிடிக்கக் கையை நீட்டினாள். அலறல் கேட்டு ஓடிப்போய் மெயினை அணைத்தேன். வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதும் முதலாளி என்னிடம் வந்தார். "நாளைக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வராரு. கவரை மாட்டிடுபா."

மரை போட்டு மாட்டினேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாள் இன்ஸ்பெக்டர் கவரைத் தட்டிப் பார்த்தார். எட்டு நாள் ஓடிய மிஷினில் மாட்டியிருந்தால், எண்ணெய் தெறித்துக் குங்குமப் பொட்டு கறுத்திருக்க வேண்டும். அது வைத்தது வைத்தபடி சிவப்பாக இருந்தது. அவர் கவனிக்கவில்லை.

"அடிபட்டப்ப இது மாட்டி இருந்துச்சா?"

"இருந்துச்சு சார்."

"அப்ப அந்தப் பொண்ணுதான் தூக்கிட்டு கைய விட்டிருக்குது."

தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதினார். சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன்.

3. சொல்லாதது

ஆஸ்பத்திரியில் கஸ்தூரி கேட்டாள்: "அண்ணே, நான் கவரைத் தூக்கினேன்னு சொல்றாங்க. எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. நானாண்ணே தூக்கினேன்?"

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா" என்றேன்.

புதிதாக ஸ்பேனர் பிடிக்கும் தம்பிகளுக்கு இவ்வளவுதான் சொல்ல முடியும். கவர் இல்லாமல் மிஷினை ஓட்டாதே. ஓட்டிவிட்டால், ஓட்டினேன் என்று சொல்.

போன மாதம் பஸ் ஸ்டாண்டில் கஸ்தூரியைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, கை என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தார். கஸ்தூரி என்னைக் கைகாட்டினாள்.

"என் தப்புதாம்மா. நாந்தான் கவரைத் தூக்கிட்டேன். வேணும்னா இந்த அண்ணனைக் கேளுங்க."