பதினொரு கையெழுத்தும் ஒரு ரோஸ்டரும்

பென்சில் சாயாமல் நிமிர்ந்து நிற்கிறது. சாய்ந்தால் கோடு தடிக்கும். தடித்தால் பெட்டிக்குள் பெயர் அடங்காது. இடது உள்ளங்கை அடிமட்டத்தை அழுத்திக்கொண்டிருக்க, வலது கை ஒரே இழுப்பில் மேலிருந்து கீழே வருகிறது. ஐந்து நாள், நாளுக்கு மூன்று பெட்டி, பெட்டிக்கு மூன்று மணித்தியாலமும் இரண்டு பேரும். மொத்தம் முப்பது இடம். கோடுகள் முடிந்ததும் அந்தக் கை பெயர்களை எழுதத் தொடங்குகிறது. எழுதியதில் சிலவற்றை அழிக்கிறது, தூசியை ஊதுகிறது, வேறு பெயர் எழுதுகிறது. வியாழக்கிழமை நடுப்பெட்டியில் மட்டும் மேல்வரி வெறுமையாகக் கிடக்கிறது.

“போன கிழமைதானே இதே தாளைக் கீறினீங்க?” குசினியிலிருந்து மனைவி லைலா கேட்டாள்.

“அது பிழையாப் போச்சு.”

“இருபத்தஞ்சு வருசம் ரோஸ்டர் போட்ட மனுசனுக்குப் பிழைக்குதா?”

“பஸ்ஸுக்குப் போட்டாப் பிழைக்காது,” என்றார் ஜலால்தீன்.

அறுபத்திரண்டு வயது அவருக்கு. மன்னாரிலிருந்து கொழும்புக்கு வந்து, அங்கிருந்து சிட்னிக்கு வந்தவர். மேற்கு சிட்னியில் ஒரு பஸ் டிப்போவில் முதலில் பஸ் கழுவினார், பிறகு ஓட்டினார். யாருக்கு எந்த நேரம் வேலை என்று ரோஸ்டர் போடுகிறவர் ஒருமுறை நோயில் படுத்துவிட, சுவரில் ஒட்டியிருந்த பழைய தாள்களைப் பார்த்துப் பார்த்து, அடுத்த கிழமைக்கானதைத் தானே கீறிக் கொடுத்தார். அன்றிலிருந்து அது அவருடைய வேலையாகிவிட்டது. யார் எந்த நாளில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் எடுக்க வேண்டும், யாருக்கு இடுப்பு நோவு, யாருக்கு வெள்ளிக்கிழமைத் தொழுகை, யாருக்கு வெள்ளிக்கிழமைக் கோயில் எல்லாம் அவருக்கு மனப்பாடம். கணினி வந்த பிறகும் பென்சிலால் கீறிப் பார்த்துத் திருப்திப்பட்டால்தான் அதில் ஏற்றுவார்.

இந்தப் பழக்கத்தைப் பார்த்துத்தான் கட்சியின் டூங்கபிக் கிளையில் அவரைச் செயலாளராக்கினார்கள். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடிக்கு வெளியே யார் எப்போது நிற்பது என்பது அவர் பொறுப்பு. ஆஸ்திரேலியாவில் எல்லோரும் வாக்களித்தே ஆகவேண்டும். சனம் வருமா வராதா என்ற கவலை கட்சிகளுக்கு இல்லை. வருகிற சனம் வாசலில் யாருடைய துண்டுத்தாளை வாங்கிக்கொண்டு உள்ளே போகிறது என்பதில்தான் எல்லாம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எந்த வேட்பாளருக்கு எந்த எண் போடுவது என்று அந்தத் துண்டில் இருக்கும். கையில் அதை வைத்துக்கொண்டு அப்படியே எழுதிவிட்டு வருகிறவர்கள் ஏராளம். கடந்தமுறை தொகுதியைக் கட்சி வென்றது ஐந்நூற்றுப் பதினேழு வாக்கால். தேர்தல் நாளுக்கு முன்னரே வந்து வாக்களிப்பவர்களுக்காகச் சமூக மண்டபத்தில் திறக்கிற சாவடியில் மட்டும் கிடைத்த முன்னிலை அறுநூற்று நாற்பது. அந்த ஒரு வாசல் இல்லாவிட்டால் தோல்வி. இந்தக் கணக்கை முதலில் போட்டுக் காட்டியவரும் ஜலால்தீன்தான்.

இந்தமுறை பழைய உறுப்பினர் ஓய்வு பெற்றார். யாரை நிறுத்துவது என்று கட்சிக்குள் வாக்கெடுப்பு வைத்தார்கள். ஒருபக்கம் இரத்தினசிங்கம்: பன்னிரண்டு வருடம் நகரசபையில் இருந்தவர், நார்த்மீட்டில் வீடு, ஜலால்தீனின் நெடுநாள் சிநேகிதர். மறுபக்கம் நிரூபா: முப்பத்தாறு வயது, வேலையிடத்தில் காயப்பட்டவர்களுக்காக வாதாடும் வக்கீல், பென்டில் ஹில்லுக்குக் குடிவந்து பதினான்கு மாதம்.

நிரூபாவுக்குப் போடவேண்டாம் என்று இரத்தினசிங்கத்தின் ஆட்கள் தமிழ் அங்கத்தவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார்கள். இரத்தினசிங்கத்தையும் சேர்த்துப் பதினொரு பேர் கையெழுத்து வைத்தார்கள். எழுதிக் கொடுத்தது ஜலால்தீன். செயலாளர் எந்தப் பக்கமும் சாயக்கூடாது என்று தன்னுடைய கையெழுத்தை மட்டும் வைக்காமல் விட்டார். கடிதத்தின் கடைசி வரி இப்படி முடிந்தது: “இந்தத் தொகுதியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் வரைபடத்தில் பார்த்ததுதான்.” எழுதிவிட்டு அதை லைலாவுக்கு வாசித்துக் காட்டியபோது அவருக்கு அந்த வரி மிகவும் பிடித்திருந்தது. லைலாவுக்குப் பிடிக்கவில்லை.

வாக்கெடுப்பில் நிரூபாவுக்கு அறுபத்தொன்று, இரத்தினசிங்கத்துக்கு ஐம்பத்தேழு. தோற்றவர்கள் தேநீருக்கும் நிற்காமல் போனார்கள். கிளையின் வாட்ஸ்அப் குழு ஒன்றுக்கு இரண்டானது.

ஆறு கிழமை கழித்து ஜலால்தீன் முதல் ரோஸ்டரைப் போட்டார். டிப்போவில் ஒரு நடைமுறை உண்டு: சண்டைபிடித்த இரண்டு டிரைவர்கள் பஸ் கைமாறுகிற இடத்தில்கூடச் சந்திக்கக்கூடாது. அதையே இங்கும் செய்தார். காலையெல்லாம் நிரூபாவின் ஆட்கள், மத்தியானத்துக்குப் பிறகு இரத்தினசிங்கத்தின் ஆட்கள். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கத் தேவையில்லை. எல்லாப் பெட்டியும் நிரம்பியது. நல்ல ரோஸ்டர் என்று தானே நினைத்துக்கொண்டார்.

சாவடி திறந்த மூன்றாம் நாள் பிற்பகல், தானும் ஒரு கட்டுத் துண்டோடு போய் நின்றார். வாசலிலிருந்து ஆறு மீற்றர் தள்ளி, எல்லாக் கட்சிக்காரரும் வரிசையாக நின்றார்கள். டூங்கபியில் மளிகைக்கடை வைத்திருக்கும் சிறிதரன் வந்தார். அவர் கையில் ஏற்கனவே ஒரு தாள் இருந்தது.

“ஜலால் அண்ணை, இது உங்கட ஆக்களே சொன்னதாமே?”

எதிர்க்கட்சியின் தமிழ்த் துண்டுப் பிரசுரம். மேலே நிரூபாவின் படம். கீழே பெரிய எழுத்தில்: “இந்தத் தொகுதியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் வரைபடத்தில் பார்த்ததுதான். சொல்வது நாங்கள் அல்ல, அவருடைய கட்சிக்காரர் பதினொரு பேர்.” ஒரு எழுத்தும் மாறவில்லை. கடிதம் எப்படியோ அவர்கள் கைக்குப் போயிருக்கிறது.

ஜலால்தீன் பக்கத்தில் நின்ற அருந்தவனைப் பார்த்தார். பதினொரு பேரில் அருந்தவனும் ஒருவர்.

“அப்ப சொன்னதுதான். இப்ப என்னத்தைச் சொல்ல?” என்று அருந்தவன் தோளைக் குலுக்கினார்.

“நல்ல கட்சி!” என்று சிரித்தார் சிறிதரன். “வீட்டுக்காரரே சாப்பாடு சரியில்லையெண்டு சொன்னா, நாங்கள் எப்பிடியப்பா இருந்து சாப்பிடுறது?” அந்தப் பிரசுரத்தையும் ஜலால்தீன் நீட்டிய துண்டையும் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனார். யாருக்குப் போட்டாரோ தெரியாது.

ஜலால்தீன் அடுத்த நாள் காலை ஒரு மணித்தியாலமும், தொழுகை முடிந்து வந்து பிற்பகல் ஒரு மணித்தியாலமும் தூரத்தில் நின்று எண்ணினார். பஸ்ஸில் ஏறுகிறவர்களை எண்ணிப் பழகிய கண். காலையில் பத்துப் பேரில் ஆறு பேர் கட்சியின் துண்டை வாங்கினார்கள். பிற்பகலில் பத்துக்கு மூன்று. பிற்பகலில் நிற்பவர்கள் வேலையைச் செய்யாமல் இல்லை. கையை நீட்டத்தான் செய்தார்கள். ஆனால் சனம் பிரசுரத்தைக் காட்டிக் கேட்கும்போது, இல்லை என்று சொல்ல அவர்களிடம் முகம் இல்லை. காலையில் நிற்பவர்கள் இல்லை என்று சொன்னார்கள். சனம் முழுதாக நம்பவில்லை, கையெழுத்து வைத்தவர்கள் அவர்கள் அல்லவே. பஸ்ஸில் ஏறுகிறவனுக்கு டிரைவர்களின் சண்டை தெரியாது, தெரிந்தாலும் பஸ் போகும். இங்கே சனம் வாசலில் பார்ப்பதே அந்தச் சண்டையைத்தான். அதைக் காலை, மாலை என்று பிரித்துக் காட்டியதும் அவர்தான்.

இப்படியே போனால் அறுநூற்று நாற்பது எங்கே நிற்கும் என்று அவர் காருக்குள் இருந்து கணக்குப் போட்டார். நூறுக்குக் கீழே வந்தது. தொகுதி போய்விடும். போனால் அது அவருடைய ஒரு வரியால் போனதாக இருக்கும்.

அதனால்தான் இந்தச் சனிக்கிழமை காலை புதிய தாள். கடைசி ஐந்து நாளுக்கு. ஒவ்வொரு பெட்டியிலும் மேல்வரியில் நிரூபாவுக்கு எதிராக நின்றவர்களில் ஒருவர், கீழ்வரியில் அவருக்கு வாக்களித்தவர்களில் ஒருவர், அல்லது நிரூபாவே. பகல் முழுவதும் தொலைபேசி. பதினொரு பேரில் பத்துப் பேரோடு பேசினார். இரண்டு பேர் முடியாது என்று வைத்துவிட்டார்கள். அருந்தவன், “நிரூபாவோட நிண்டு நான் என்ன கதைக்கிறது?” என்று கேட்டார். “மழை வருமோ எண்டு கதை. சனம் நீங்கள் ரெண்டு பேரும் கதைக்கிறதைக் கண்டாப் போதும்,” என்றார் ஜலால்தீன். கடைசியில் எட்டுப் பேர் ஓம் என்றார்கள். மிச்சப் பெட்டிகளைக் கடிதத்தில் சேராத ஆட்களால் நிரப்பினார். எஞ்சியது அந்த ஒரு வரி. அதற்கு நேரே போகவேண்டியிருந்தது.

நார்த்மீட்டில் இரத்தினசிங்கம் ஏணியில் நின்று, மழைத்தண்ணீர் ஓடும் கூரைப் பீலியில் அடைந்த இலைகளை வாரிக்கொண்டிருந்தார்.

“ஏணியைப் பிடி. பிறகு கதை,” என்றார் மேலிருந்து.

ஜலால்தீன் பிடித்தார். “வியாழக்கிழமை பதினொன்றரையிலயிருந்து ரெண்டரை. நீங்களும் நிரூபாவும்.”

ஈர இலை ஒரு பிடி ஜலால்தீனின் சப்பாத்துக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது.

“தோத்தவன் வெண்டவளைத் தூக்கிப்பிடிக்கிறான் எண்டு சனம் சிரிக்கவோ?”

“இப்பவும் சிரிக்கிறாங்கள் அண்ணை. சிறிதரன் கடையில சிரிக்கிறான்.”

“நாலு வாக்கு. நாலே நாலு. அந்தப் பிள்ளை ஒரு போன் எடுத்துக் கதைச்சிருக்கலாம்.”

“நீங்களும் எடுத்திருக்கலாம்.”

“நீ எழுதினாய், நான் கையெழுத்து வச்சன். கடிதத்தில நிக்கிறது என்ர பேர். உன்ர பேர் எங்கை?”

ஜலால்தீன் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

“என்ர பேரைச் சொல்லத்தான் நாளைக்கு அவவிட்டைப் போறன்,” என்றார்.

இரத்தினசிங்கம் படிபடியாக இறங்கி வந்தார். கையுறையைக் கழற்றினார்.

“கட்சி ரீசேர்ட் போடமாட்டன்.”

“போடாதேங்கோ.”

“அந்த நேரத்தில அங்க நிழல் இருக்கோ?”

“மண்டபத்து மரத்தடி. அதுக்குத்தான் பதினொன்றரை.”

“எல்லாம் யோசிச்சுத்தான் வந்திருக்கிறாய், கள்ளன்,” என்றார் இரத்தினசிங்கம். ஓம் என்று வாயால் சொல்லவில்லை. ஜலால்தீனும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து வெறும் வரியில் பெயரை எழுதினார்.

ஞாயிறு மத்தியானம் பென்டில் ஹில்லில் நிரூபாவின் வீட்டுக் கராஜ் தேர்தல் காரியாலயமாக இருந்தது. பதாகைகளுக்கு நடுவே ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள்.

“இருங்கோ அங்கிள். ரோஸ்டரை ஈமெயில்ல அனுப்பியிருக்கலாமே?”

“அனுப்பலாம். ஆனா முதல்ல ஒண்டு சொல்லவேணும். அந்தக் கடிதம் நான் எழுதினது. வரைபடம் எண்ட வரியும் நான்தான். கையெழுத்து மட்டும் வைக்கேல்லை.”

வெளியே யாரோ வாசல் மணியை அடித்தார்கள். நிரூபா எழும்பவில்லை.

“நான் அருந்தவன் அங்கிள் எண்டு நினைச்சன். ரெண்டு மாசமா அவரோட முகம் குடுத்துக் கதைக்கேல்லை.”

“அவனுக்கு அப்பிடி எழுத வராது.”

அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்து நின்றுவிட்டது. “பதினாலு மாசம் எண்டு எழுதினது ஃபேக்ட். அதில எனக்குக் கோவம் இல்லை. அந்தக் கடைசி வரி... அம்மா அதை வாசிச்சிட்டு அழுதவ, அங்கிள்.”

“பிழை. என்ர பிழை,” என்றார் ஜலால்தீன். வேறு வார்த்தை தேடவில்லை.

மணி இன்னொருமுறை அடித்தது. நிரூபா கையை நீட்டினாள். “தாங்கோ பாப்பம்.”

ஜலால்தீன் உறையிலிருந்து தாளை எடுத்தார். கணினியில் இன்னும் ஏற்றவில்லை. அவள் சரியென்று சொன்னால்தான் ஏற்றுவதாக இருந்தார். அவள் பெட்டி பெட்டியாக மேலிருந்து வாசித்தாள். திங்கள் காலைப் பெட்டியில் அருந்தவனோடு தன் பெயரைக் கண்டாள். வியாழன் நடுப்பெட்டிக்கு வந்தபோது விரல் நின்றது.

“அவர் வருவாரா?”

“ஏணியைப் பிடிச்சுக்கொண்டு கேட்டிருக்கிறன். வருவார். ஆனா முதல்ல நீங்க ஒரு போன் எடுக்கவேணும்.”

“நான் எடுக்கவேணுமா?”

“ஓம் பிள்ளை. வெண்டவதான் எடுக்கவேணும்.”

அவள் மேசையில் கிடந்த பேனாவை எடுத்து, இரத்தினசிங்கத்தின் தொலைபேசி இலக்கத்தைச் சொல்லச் சொல்லி உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். பிறகு தாளை இரண்டு கையாலும் எடுத்து, மணியடித்துவிட்டு வாசலில் காத்து நின்ற தேர்தல் தொண்டர் ஹரிப்பிரியாவைக் கூப்பிட்டு, “இதுதான் ஃபைனல். எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கோ,” என்று கொடுத்தாள்.