மூடாத உள்ளங்கை

உள்ளங்கைகளைச் சூடு வரத் தேய்த்துக்கொண்டுதான் எலியக்கா கூண்டைத் திறக்கிறாள். கையை உள்ளே விரித்து வைத்துவிட்டு, அதற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் எங்கோ பார்க்கிறாள். எலி மோந்து பார்க்கிறது, பின்வாங்குகிறது, மறுபடி வருகிறது, கடைசியில் ஏறி உட்கார்கிறது. அப்போதும் அவள் விரல்களை மடக்குவதில்லை. மடக்கினால் பொறி என்று நினைத்துக்கொள்ளுமாம்.

மறதி நோயின் மரபணுவோடு பிறப்பிக்கப்பட்ட எலிகள் அவை. நரம்புக்கு நரம்பு சேதி கொண்டுபோகும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் அவற்றின் மூளையில் எப்படிக் குறைகிறது என்று அவள் எலிகளைப் பராமரிக்கும் ஆய்வுக்கூடத்தில் அளக்கிறார்கள். வாலைப் பிடித்துத் தூக்கினால் எலி மிரளும். மிரண்டால் அளவே மாறிவிடும். அவசரக்கார ஆய்வாளர் ஒருவர் அப்படித் தூக்கித் தூக்கி ஒரு வருஷ வேலையைப் பாழாக்கியதை இன்னும் சொல்லிச் சிரிப்பாள். "மறதிய அளக்கறேன்னு பயத்த அளந்துட்டு உக்காந்திருந்தாரு." அளந்து முடித்த எலி திரும்பி வருவதில்லை. அதைப் பற்றி மட்டும் அவள் பேசுவதில்லை.

முன்பெல்லாம் வேலை முடிகிற நேரத்துக்கு வாசலில் சைக்கிள் மணி கேட்கும். பூட்டு ரிப்பேர் செய்கிற கணவர். "மொட்டக்காது எலி சௌக்கியமா? இன்னிக்கு உன் கையில ஒண்ணுக்குப் போனது யாரு?" வழியெல்லாம் எலிக்கதைதான். தொட்டித் தண்ணீருக்குள் மறைந்திருக்கும் மேடையை எது சட்டென்று கண்டுபிடித்தது, எது மறந்துபோய்ச் சுற்றிச் சுற்றி நீந்தியது என்று அவள் சொல்லச் சொல்ல, தோற்ற எலிக்கு அவர் வக்காலத்து வாங்குவார். "அதுக்கு வேற ஏதாவது யோசனை இருந்திருக்கும், விடு."

அந்தச் சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே காற்றிறங்கி நிற்கிறது. அவர் சொந்தத் தெருவிலேயே வீட்டைத் தேடிச் சுற்றுகிறார். கையைப் பிடித்து அழைத்துவர யார் போனாலும் உதறுகிறார், அடிக்கிறார்.

"யாரு விட்ட சாபமோ அண்ணி. நாற்காலியோட கட்டி வைங்க. இல்லன்னா ஞாயித்துக்கிழமை வண்டியோட வரேன், முதியோர் இல்லத்துல விட்டுடுவோம்" என்றார் கணவரின் தம்பி.

எலியக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சாபமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. மூளையில ஒரு சரக்கு குறையுது, அவ்வளவுதான். எலியக்கூட நாங்க கட்டிப் போடறதில்ல தம்பி."

"சரி, உங்களயாவது தொட விடறாரா?"

கையில் கன்றியிருந்த இடத்தை அவள் புடவைத் தலைப்பால் மறைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் கணவர் சாப்பாட்டு மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, யாரையோ பார்ப்பதுபோல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டாள். ஒரு கையை மேசைமேல் மல்லாத்தி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே வெளிச்சம் மங்கியது. அவருடைய விரல்கள் வந்து தொட்டன, பின்வாங்கின, மறுபடி வந்தன. கடைசியில் முழுக் கையும் வந்து உட்கார்ந்தது.

அவள் திரும்பவில்லை. விரல்களை மடக்கவும் இல்லை.